மேரி எந்த பாஷையில் ‘இல்லே’ என்றாள்?

ஒரு கையில் டீ. இன்னொரு கையில் பேப்பரில் சுற்றிய மசால் வடை. இந்தக் கோலத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிப் போனது.

பஸ்ஸுக்குள் என் மனைவி மேரி இருந்தாள். என் துணிப்பை இருந்தது. மாத்திரை டப்பா, குடை, மேரியின் கைப்பைக்குள் பத்திரமாக என் செல்போன், எல்லாம் இருந்தன. ஏற வேண்டியதில் பாக்கி நான் ஒருவன்தான்.

மைசூர் தாண்டி, ஹுன்சூரும் தாண்டி, மடிக்கேரி போகிற ரோட்டில் ஒரு சின்ன ஓட்டல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈர மண் வாசனையோடு எங்கிருந்தோ புகையிலை வாட்டுகிற வாசனையும் கலந்து வந்தது. டீ நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த டீக்காகத்தான் இறங்கினேன்.

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்டின் டவுனில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாவது, அதிலும் கணக்கில் பெயில். பெங்களூரில் ஒரு வாடகைக் காரில் ஏறி, ‘அப்பாடா’ என்று நீங்கள் பின்னால் சாய்ந்தால், பெரும்பாலும் என் தையல் மேல்தான் சாய்கிறீர்கள். கார் கம்பெனி இன்ஜினியர்கள் வந்து என் பஞ்சை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு அரசு பஸ், வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுப் போவது போல ரோட்டில் விட்டுவிட்டுப் போனது.

பஸ் போனால் இன்னொரு பஸ் வரும், அது பெரிய விஷயமில்லை. அந்தப் பஸ்ஸில் போனவள் திரும்பி என் வீட்டுக்கு வருவாளா, இல்லை ஹெப்பகோடியில் மகன் வீட்டுக்குப் போய்விடுவாளா என்பதுதான் விஷயம். ஏனென்றால் அது சும்மா போன பயணமில்லை. எனக்கு வைத்த பரீட்சை.

மருமகள் சொன்ன யோசனை

என் மகன் பிரகாஷ் ஹெப்பகோடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். மின்சார லிப்டில் ஏறி, காது அடைத்து, பிறகு இறங்கினால் அவன் வீடு. மருமகள் ஷீலா சேலத்துப் பெண். இருவரும் கம்ப்யூட்டரில்தான் வேலை. பேரக்குழந்தை பிறந்து, ஷீலா திரும்ப ஆபீஸ் போகவேண்டிய நேரம் வந்தபோது, மேரியை அங்கேயே வந்து இருக்கச் சொன்னார்கள்.

என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன், கடையை யார் பார்ப்பது? ஆனாலும் கூப்பிடாமல் இருந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேரி உடனே மாட்டேன் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் யோசிக்கிறேன் என்றாள்.

“ஏன், இங்க உனக்கு இன்னா கொறச்சல்?” என்று கேட்டேன்.

“கொறச்சல் ஒண்ணுமில்லீங்க. பேச்சுத் தொணைக்கு ஆளில்ல.”

“நான் இல்லியா? நாளெல்லாம் பேசிக்கினுதானே இருக்கேன்?”

“அதத்தான் சொல்றேன்.”

இதில் என்ன குறை கண்டாள் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. ஷீலாவுக்குப் பிடிபட்டது. படித்த பெண்களுக்கு எல்லாம் பிடிபடும்.

“மாமா, அத்தையக் கூட்டிட்டு நீங்க மட்டும் ஒரு ட்ரிப் போய்ட்டு வாங்க. ரெண்டு பேரு ஒத்துப்போவாங்களா இல்லையான்னு ட்ரிப்புலதான் தெரியும். நானும் பிரகாஷும் அப்படிப் போய்ப் பாத்துட்டுத்தான் கல்யாணத்துக்கே ஓகே சொன்னோம்.”

“எங்க போனீங்க?”

“கோகர்ணா.”

“அது ஆபீஸ் டூருன்னு சொன்னானே.”

பிரகாஷ் குழந்தைக்கு டயப்பர் மாற்ற வேண்டும் என்று எழுந்து உள்ளே போனான். குழந்தை அப்போது என் மடியில் இருந்தது.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இப்போது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, காரை ஓட்டித் தேய்த்துவிட்டு சீட்டுக்கு அளவு எடுக்க வருவது மாதிரி. இதைச் சொல்லிச் சிரித்தேன். ஷீலாகூடச் சிரித்தாள். மேரி சிரிக்கவில்லை.

“போலாம்,” என்றாள். “திரும்பி வூட்டு வாசல் மிதிக்கிற வரைக்கும், உங்க கூட வந்தது நல்லாயிருந்துச்சுன்னு எனக்குத் தோணணும். தோணிச்சுன்னா ஆஸ்டின் டவுன்லயே இருக்கேன். தோணலன்னா பிரகாஷ் வூட்டுக்குப் போறேன். கார் வேணாம். கார்ல போனா டிரைவரோடயே பேசிக்கினு வருவீங்க. பஸ்ல போலாம்.”

இவ்வளவு நீளமாக மேரி பேசி நான் கேட்டதில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் போல.

அரிசி மூட்டையோடு தேனிலவு

நாங்கள் ஊருக்கே போகாத ஜோடி என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குப் போனோம். இப்போதைய பிள்ளைகள் அதை ஹனிமூன் என்பார்கள். எங்களோடு என் அம்மா, என் தம்பி, என் பெரியம்மா, பெரியம்மாவின் பேத்திகள், அங்கே அரிசி விலை ஜாஸ்தியாக இருக்கும் என்று ஒரு மூட்டை அரிசி, மண்ணெண்ணெய் ஸ்டவ், எல்லாம் வந்தன.

ரயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நான் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்துப் படுத்தேன். மேரி அரிசி மூட்டைக்குக் காவலாக அதன் மேலேயே உட்கார்ந்து வந்தாள். நாகப்பட்டினம் வருவதற்குள் நாங்கள் பேசிக்கொண்டது ஒரே ஒரு பேச்சு. “தண்ணி இருக்கா?” என்று நான் கேட்டேன். அவள் சொம்பை நீட்டினாள். அதைப் பேச்சு என்று கணக்கில் எடுத்துக்கொண்டால்.

அப்புறம் எங்கே போனாலும் ஒரு கூட்டத்தோடுதான். கல்யாணம், காது குத்து, கருமாதி. இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனது, இந்த மடிக்கேரி பயணத்தில்தான்.

மேரி எப்போதும் இப்படித்தான், வார்த்தையை அளந்து போடுவாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எட்டாவது வரை படித்தவள், என்னைவிட ஜாஸ்தி. கல்யாணத்தன்று மாதா கோவிலில் சாமியார் என்னைப் பார்த்து “சம்மதமா?” என்று கேட்டபோது நான் சொன்ன “சம்மதம்” வெளியே ஜட்கா வண்டிக்காரனுக்குக் கேட்டது. மேரியைக் கேட்டார். அவள் உதடு அசைந்தது. சாமியார் குனிந்து மறுபடி கேட்டார். மறுபடியும் உதடு அசைந்தது. அவர் என்னைப் பார்த்தார். “சரின்னுதான் சொல்றா சாமி,” என்று நானே அவளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த உதவியை அவளுக்கு நான் செய்துகொண்டுதான் வருகிறேன்.

சீட்டுக்குத் தெரியும்

ஒத்துப்போகிற ஜோடி எது, ஒத்துப்போகாத ஜோடி எது என்று கண்டுபிடிக்க கோகர்ணா வரைக்கும் போகவேண்டியதில்லை. பழைய சீட் கவரை என் கடையில் கொண்டுவந்து போடுங்கள், நான் சொல்கிறேன்.

முன்சீட்டில் இடது பக்கம், கதவோரத் தையல் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த அம்மா புருஷனை விட்டு விலகிக் கதவில் சாய்ந்தே வருகிறார். நடுப்பக்கம் தேய்ந்திருந்தால் புதுக் கல்யாணம். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அந்தக் காரில் நாய் வளர்க்கிறார்கள்.

கலர் பார்க்க வரும்போதே தெரியும். “பீஜ்” என்பாள் பெண். “பிளாக்” என்பான் பையன். அப்புறம் இரண்டு பேரும் என் முன்னால் இங்கிலீஷில் சண்டை போடுவார்கள், எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு. நான் நடுவில் ஒரு பழுப்பு நிறத்தைத் தூக்கிப் போட்டு, “இத எடுங்க, அழுக்கும் தெரியாது, கோவமும் தெரியாது” என்பேன். எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படி நான் காப்பாற்றிய குடும்பங்கள் கோரமங்களாவில் மட்டும் எத்தனையோ.

என் சொந்தக் காரின் சீட்டைப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். இந்த அத்தியாயத்துக்காக எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். முன்சீட்டு இடது பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது, ஆனால் அங்கே உட்காருவது நான். மேரி எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். முன்னால் என் பக்கத்தில் டிரைவர் இருப்பார், நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு.

மஞ்சப்பாவுக்குக் கிடைத்த பாக்கியம்

பஸ்ஸுக்கு வருவோம்.

மெஜஸ்டிக்கில் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலோரம் மேரி. அவளுக்குப் பக்கத்தில் நான். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பலாப்பழம். பெயர் மஞ்சப்பா. பாக்கு வியாபாரம். இவ்வளவும் எனக்கு கெங்கேரி வருவதற்குள் தெரிந்துவிட்டது.

பரீட்சை என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. மேரியிடம்தான் முதலில் பேச்சை ஆரம்பித்தேன். “இந்த சீட்டுல போட்டிருக்கிற பஞ்சு மட்டம்,” என்றேன். அவள் “ம்” என்றாள். “ரெண்டு மழைக்குத் தாங்காது,” என்றேன். அதற்கு “ம்” கூட இல்லை. மஞ்சப்பா திரும்பிப் பார்த்து, அது எப்படித் தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார்.

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா?

ராமநகரா வருவதற்குள் நான் பெங்களூருக்கு வந்த கதை. மத்தூர் வருவதற்குள் முதல் தையல் மெஷின். மண்டியாவில் முதல் கடை. ஸ்ரீரங்கபட்டணத்தில் பாலம் ஏறும்போது, ஒரு மந்திரியின் காருக்கு நான் தோல் சீட் போட்ட சம்பவம். “ஒத்த ஆளா நின்னு மேலே வந்தேன் மஞ்சப்பா,” என்று சொல்லி முடித்தபோது மைசூர் வந்துவிட்டது. அவர் பலாப்பழத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்படி ஒரு ரசிகர்.

மைசூரில் அவர் இறங்கிப் போனார். அங்கேதான் இறங்கப்போவதாக அவர் முன்னாடி சொல்லவில்லை.

“நல்ல மனுஷன்,” என்றேன்.

மேரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். “டிரைவர் இல்லாத வண்டியிலகூட ஒரு ஆளைப் பிடிச்சிட்டீங்க.”

“பஸ்ல டிரைவர் இருக்காரு.”

“அவருகிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க.”

அதற்கு மேல் ஹுன்சூர் வரை பேச்சில்லை. பஸ் ஓட்டலில் நின்றபோது, “எறங்காதீங்க, உடனே எடுத்துடுவாங்க,” என்றாள். நான் இறங்கினேன். டீ குடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டுமா? அவளுக்குப் பிடிக்குமே என்று மசால் வடையும் வாங்கினேன். வடை சூடாக வரட்டும் என்று நின்றதுதான் தாமதத்துக்குக் காரணம். ஆக, யாருக்காக இந்தக் கஷ்டம் என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

கண்டக்டர் கேட்டது, மேரி சொன்னது

பஸ்ஸில் நடந்ததை மேரி பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹுன்சூரில் கூட்டம் ஏறியிருந்தது. கண்டக்டர் முன் வாசலில் நின்றபடியே, நின்றவர்களின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “அம்மா, யஜமான்ரு எல்லி?” என்று கத்தினார். வீட்டுக்காரர் எங்கே என்று அர்த்தம்.

மேரி சொன்னது ஒரே ஒரு சொல். “இல்லே.”

தமிழில் இல்லே என்றால் ஆள் இல்லை. கன்னடத்தில் இல்லே என்றால் இங்கேயேதான் இருக்கிறார். சத்தம் ஒன்றுதான், ஒரு எழுத்து கூட மாறாது. கண்டக்டர் கன்னடத்து ஆள். ‘இங்கேயே இருக்கார்’ என்று எடுத்துக்கொண்டு விசில் ஊதிவிட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியவர்கள் இப்படித் தப்புச் செய்தால் நான் ஒப்புக்கொள்வேன். இவள் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்தவள். நீலசந்திரா மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குக் கன்னடத்தில் பேரம் பேசி, கடைக்காரனைக் கும்பிட வைக்கிறவள். கன்னடத்தில் கேட்ட கேள்விக்கு அன்று ஒரு நாள் மட்டும் தமிழில் பதில் சொல்லியிருக்கிறாள்.

இங்கே நான் பஸ் பின்னால் ஓடினேன். “நில்சி, நில்சி” என்று கத்தினேன். அப்புறம் தமிழில் கத்தினேன். அப்புறம் இரண்டு பாஷையிலும் எழுத முடியாத வார்த்தைகளில் கத்தினேன். புழுதியும் டீசல் புகையும் தொண்டைக்குள் போனது. வடையை மட்டும் விடவில்லை.

தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு கூட்ஸ் ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். ஓட்டுகிறவரின் போனை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் மேரியின் நம்பர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. போனில் ‘மேரி’ என்று இருக்கும், அமுக்குவேன், அவ்வளவுதான். தெரிந்த நம்பர் ஒன்றுதான், என் நம்பர். கடை போர்டில் அதைத்தானே எழுதியிருக்கிறேன். அதற்கே அடித்தேன். மேரியின் கைப்பைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுத்தால் பேங்கில் இருப்பதை உருவிவிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லி வைத்தவன் நான்.

ஓட்டுகிறவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “யாரு யாரன்ன பிட்டு ஹோத்ரு சார்?” என்றார். யார் யாரை விட்டுவிட்டுப் போனது என்று கேட்கிறார். தேங்காய் வண்டி ஓட்டுகிறவருக்கு இவ்வளவு சந்தேகம் எதற்கு? வழியெல்லாம் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, முன்னால் போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தேன்.

பிரியாபட்டணாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் நிழற்குடை. அதில் ஒரு அம்மாள் மடியில் ஒரு குடையோடு இரண்டு பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஆட்டோ தாண்டிப் போனது. அந்தக் குடை என்னுடையது என்று கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

நிழற்குடையில் நடந்த விசாரணை

இறங்கி நடந்து வந்தேன். மேரி என்னைப் பார்த்தாள். கொய்யாவை இன்னொரு கடி கடித்தாள்.

“என்னை வுட்டுட்டு...” என்று ஆரம்பித்தேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டுவிட்டது.

“இன்னாங்க?”

வாயைத் திறந்தேன். கதவு கீல் சத்தம் மாதிரி ஒன்று வந்தது. மேரி கொய்யாவைக் கீழே வைத்தாள். அப்புறம் பையை நகர்த்தி இடம் விட்டாள்.

நடந்ததை அவளே சொன்னாள். இடையில் ஒரு ஊரில் ஏறிய ஆள் என் சீட்டில் உட்கார வந்தானாம். இவள் ஆள் இருக்கிறது என்றாளாம். கண்டக்டர் வந்து பார்த்து, தலையில் கை வைத்தாராம். “இல்லேன்னுதானம்மா சொன்னீங்க” என்று அவர் கன்னடத்தில் கேட்க, “ஆமா, இல்லேன்னுதான் சொன்னேன்” என்று இவள் தமிழில் சொல்ல, பஸ்ஸே சிரித்ததாம். நீங்கள் மடிக்கேரிக்குப் போங்கள், வீட்டுக்காரரைப் பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்கிறேன் என்று கண்டக்டர் சொன்னாராம். நல்ல யோசனைதான். ரூம் அவள் பேரில் இருந்தது. பிரகாஷ் அவள் பேரில்தான் போட்டிருந்தான்.

“அப்ப ஏன் எறங்குனே?” என்று கையால் கேட்டேன்.

“உங்க மாத்திரை என்கிட்ட இருந்துச்சு,” என்றாள்.

வடையை எடுத்து நீட்டினேன். வழியில் நசுங்கித் தூளாகியிருந்தது. பேப்பரைப் பிரித்துப் பார்த்து, பொறுக்கிப் பொறுக்கி முழுவதும் சாப்பிட்டாள்.

“ஆறிப்போச்சு,” என்றாள்.

தொண்டை இல்லாத இரண்டு நாள்

மடிக்கேரி குளிராக இருக்கும், பச்சையாக இருக்கும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாங்கள் தங்கியது ஒரு காபித் தோட்டத்து வீடு. அந்த வீட்டு அம்மாள் மிளகைத் தட்டி, தேன் விட்டுக் கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். இரண்டு நாளும் நான் செய்தது அது ஒன்றுதான்.

மேரி பேசினாள்.

காலையில் நாஷ்டாவுக்கு உட்காரும்போது ஆரம்பித்தாள். தோட்டத்தில் நடக்கும்போது பேசினாள். மழைக்கு ஒதுங்கி நின்றபோது, எதிரில் மூடுபனியைத் தவிர வேறொன்றும் தெரியாத இடத்தில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதைச் சொன்னாள். இவள் சைக்கிள் ஓட்டுவாள் என்பதே எனக்குப் புதுச் சேதி. பெல் அடிக்கப் பிடிக்குமாம். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

இரண்டாம் நாள் அந்த வீட்டு அம்மாள் எங்களைப் பற்றி விசாரித்தார். வழக்கமாக அது என் இலாகா. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. மேரி சொல்ல ஆரம்பித்தாள், நல்ல கன்னடத்தில், ஒரு சொல் தப்பில்லாமல்.

மஞ்சப்பாவுக்கு நான் சொன்ன அதே கதைதான். அதே மெஷின், அதே கடை. ஆனால் இவள் சொல்லும்போது அதில் இன்னொரு ஆளும் இருந்தார். சீட் கவரின் ஓரத்தில் கயிறு மாதிரி ஒரு விளிம்பு ஓடும், பைப்பிங் என்போம். அது நேராக இருந்தால்தான் வேலை சுத்தம். ஆரம்பத்தில் என் பைப்பிங் பாம்பு மாதிரி நெளியுமாம். பிரகாஷைத் தூங்க வைத்துவிட்டு, நான் தைத்ததைப் பிரித்து, இவளே திரும்பத் தைத்து வைப்பாளாம். முதல் வாடகைக் கார்க்காரர் என் பைப்பிங்கைத் தடவிப் பார்த்துத்தான் இன்னும் நாலு காரை அனுப்பினாராம்.

இதில் நான் சில திருத்தங்கள் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை இல்லை.

“ஹௌதா சார்?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். அப்படியா என்று.

மேரியும் என்னைப் பார்த்தாள். கோவிலில் சாமியாரிடம் நான் அவளுக்காகச் சொன்னேனே, அதே மாதிரி என் உதடு அசைந்தது. இந்தத் தடவை மேரி சொன்னாள்: “ஆமாங்கிறாரு.”

இந்தத் தொடரின் முந்தைய அத்தியாயங்களில் இந்த பைப்பிங் விவரம் வராமல் போயிருந்தால், அதற்கு இடமின்மையே காரணம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ் அதே ஓட்டலில் நின்றது. நான் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேரி இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபோது அவள் படியில் கால் வைத்தாள். நேரம் என்றால் அப்படி ஒரு நேரம். டீயில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

தீர்ப்பு

வீட்டு வாசலை மிதித்தோம். செருப்பைக் கழற்றினோம். நல்லாயிருந்தது என்றோ இல்லை என்றோ மேரி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்குத் தொண்டை வேண்டுமே. தெருக்கோடி டாக்டர் மருந்து கொடுத்து, ஐஸ் தண்ணி மட்டும் தொடாதீர்கள், தொட்டால் மறுபடி கட்டிக்கொள்ளும் என்றார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் திரும்பியது. வார முடிவில் பழைய குரல் வந்துவிட்டது. கடையில் வேலை செய்கிறவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மேரியின் சூட்கேஸ் அலமாரி மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. காலியாக இருந்தது. அது தூசி தட்டவா, துணி வைக்கவா என்று கேட்கலாம்தான். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் போன் வந்தது. மேரி அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சாயந்திரம் கார் எடுத்துக்கினு வரட்டுமா?” என்றான் பிரகாஷ். “வர்றியா, இல்லியா?”

“இல்லே,” என்றாள் மேரி.

பிரகாஷும் பெங்களூரில் பிறந்தவன்தானே.

“எந்த இல்லேம்மா?”

“எதுவானா இன்னா? ஆபீஸ் போற நாளுக்குக் கொழந்தைய இங்க கொண்டாந்து வுடுங்க. வூடு பெருசாத்தானே இருக்கு.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழில் எடுத்துக்கொண்டால், வரவில்லை. கன்னடத்தில் எடுத்துக்கொண்டால், இங்கேயேதான். கணக்கில் பெயிலானவனுக்கே விடை சரியாக வந்தது.

ஷீலாவின் குரல் கேட்டது. “அப்ப மாமா பாஸா அத்தை?”

“பாஸுதான்.” மேரி ஒரு அவரைக்காயைப் பிரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். “ஆனா அது தொண்டை கட்டுன மாமா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே எப்பிடின்னு பாக்கணும்.”

இதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

எழுந்து சமையலறைக்குப் போனேன். பிரிட்ஜைத் திறந்து, குளிர்ந்த பாட்டிலை எடுத்து, ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். பல் கூசியது.

“இன்னா பண்றீங்க அங்க?” என்று மேரி கூடத்திலிருந்து கேட்டாள்.

நான் இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.